எத்தனை குண்டு போதும்?

2025 ஜனவரி நிலவரப்படி உலகில் மொத்தம் 12,241 அணுகுண்டுகள் இருந்தன என்பது ஸ்டாக்ஹோமில் இயங்கும் சிப்ரி ஆய்வு நிறுவனத்தின் மதிப்பீடு. ரஷ்யாவிடம் 5,459, அமெரிக்காவிடம் 5,177. அடுத்து சீனா 600, பிரான்ஸ் 290, பிரிட்டன் 225, இந்தியா 180, பாகிஸ்தான் 170, இஸ்ரேல் 90, வடகொரியா 50. பிரித்தெடுக்கக் காத்திருக்கும் பழைய குண்டுகளைக் கழித்துவிட்டால் படைகளின் கையில் இருந்தவை 9,614. அவற்றிலும் ஏறத்தாழ 2,100 குண்டுகள் ஏவுகணைகளில் பொருத்தப்பட்டு, உத்தரவு வந்த சில நிமிடங்களில் புறப்படத் தயாராக நின்றன. 1986-இல் உலகின் மொத்தக் கையிருப்பு 70,000-ஐத் தாண்டியிருந்தது.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன? தன் பாதுகாப்புக்கு இத்தனை அணுகுண்டு தேவை என்று ஒரு நாடு எந்தக் கணக்கில் முடிவு செய்கிறது? எண்பது ஆண்டுகளாகக் கேட்கப்படும் இந்தக் கேள்விக்குப் பூஜ்யத்திலிருந்து பல்லாயிரம் வரை விடைகள் உண்டு. எதை எண்ணுவது, எதை எண்ணாமல் விடுவது என்ற தேர்வுதான் ஒவ்வொரு விடையையும் தீர்மானித்திருக்கிறது. அச்சுறுத்தித் தடுத்தல் என்ற கொள்கையை முழுதாக ஏற்றுக்கொண்டாலும், பெரிய கையிருப்புகளை அதைக்கொண்டு நியாயப்படுத்துவது கடினம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அழிவை அளப்பது

1945 ஆகஸ்ட் 6 காலை 8.15 மணிக்கு ஹிரோஷிமாவுக்கு மேலே சுமார் 600 மீட்டர் உயரத்தில் வெடித்த குண்டில் 64 கிலோ யுரேனியம் இருந்தது. அதில் பிளவுற்றது ஒரு கிலோவுக்கும் குறைவு. வெளிப்பட்ட ஆற்றல் சுமார் 15,000 டன் வெடிமருந்துக்குச் சமம். அதாவது 15 கிலோடன். அந்த ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 1,40,000 பேர் இறந்தார்கள். மூன்று நாள் கழித்து நாகசாகியில் வெடித்த புளூட்டோனியக் குண்டின் ஆற்றல் 21 கிலோடன். ஆற்றல் கூடுதலாக இருந்தும் அழிந்த பரப்பு அங்கே குறைவு. இறந்தோர் சுமார் 70,000. நகரைப் பிரித்து நின்ற குன்றுகள் வெடிப்பலையையும் வெப்பத்தையும் ஓரளவு மறித்தன. ஹிரோஷிமாவில் பல இடங்களில் பற்றிய தீ ஒன்றுகூடித் தீப்புயலாகி 11 சதுர கிலோமீட்டர் நிலத்தை எரித்தது. நாகசாகியில் அப்படியொரு தீப்புயல் எழவில்லை. ஆகவே கிலோடன் கணக்கு மட்டும் அழிவின் கணக்கு ஆகிவிடாது.

இன்னொரு விதியையும் இங்கே கவனிக்க வேண்டும். ஆற்றலை ஆயிரம் மடங்கு கூட்டினால், கட்டடங்களைத் தகர்க்கும் காற்றழுத்தம் எட்டும் தொலைவு பத்து மடங்குதான் கூடும். பரப்பு நூறு மடங்கு கூடும். 1961 அக்டோபர் 30-இல் சோவியத் ஒன்றியம் நோவயா செம்லியா தீவில் வெடித்த 50 மெகாடன் குண்டு ஹிரோஷிமா குண்டைவிட 3,000 மடங்குக்கு மேல் ஆற்றல் கொண்டது. ஆனால் இந்த விதிப்படி அது தகர்க்கக்கூடிய பரப்பு 200 மடங்கைச் சற்றே தாண்டும். ஒரு பெரிய குண்டைவிடப் பல சிறிய குண்டுகள் அதிக நாசம் விளைவிக்கும் என்பதை இரு தரப்பும் விரைவில் கண்டுகொண்டன. அமெரிக்கக் கையிருப்பின் மொத்த ஆற்றல் 1960-லேயே உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கியது. குண்டுகளின் எண்ணிக்கையோ 1967 வரை ஏறி 31,255-ஐ எட்டியது. மொத்த மெகாடன் குறைந்தது என்பதை ஆயுதக் குறைப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இந்த அளவைகளில் வெகுகாலம் விடுபட்டிருந்தது தீ. அமெரிக்க ஆய்வாளர் லின் ஈடன் 2004-இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாகக் காட்டியிருக்கிறார். போர்த் திட்டம் வகுத்தவர்கள் இலக்கின் அழிவைக் காற்றழுத்தத்தை வைத்தே கணக்கிட்டார்கள். காலநிலை, கட்டடப் பொருள் எனப் பலவற்றைச் சார்ந்தது என்பதால் தீயை முன்கணிக்க முடியாது என்று ஒதுக்கினார்கள். ஆனால் பெரிய குண்டு ஒன்று நகரத்தின் மீது வெடித்தால், அழுத்தம் தகர்க்கும் பரப்பைவிடத் தீ எரிக்கும் பரப்பே பல மடங்கு பெரிதாக இருக்க வாய்ப்புண்டு. கணிக்கக் கடினமானதைப் பூஜ்யம் என்று எழுதிக்கொண்ட இந்தப் பிழை, இன்னும் குண்டு வேண்டும் என்ற ஒரே திசையில்தான் கணக்கைத் தள்ளியது.

சில நூறு போதும் என்பவர்கள்

இந்த நிலைப்பாட்டின் வேர் 1946-இல் அமெரிக்கப் போர்த் தந்திரச் சிந்தனையாளர் பெர்னார்ட் பிரோடி தொகுத்த நூலில் இருக்கிறது. இனி ராணுவத்தின் தலையாய வேலை போரை வெல்வது அல்ல, போர் வராமல் தடுப்பது என்றார் அவர். எதிரியின் பொருளாதாரத்தை முற்றாக அழிக்க 2,000 குண்டு போதுமென்றால், ஒருவரிடம் 6,000, மற்றவரிடம் 2,000 இருப்பதில் பெரிய வேறுபாடு இல்லை என்றும் வாதிட்டார். குண்டு பீரங்கியைப் போன்றதன்று. எண்ணிக்கையில் மிஞ்சுவது பலமாக மாறுவதற்கு இங்கே ஓர் எல்லை உண்டு. 1950-களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படைத் தளபதி ஆர்லே பர்க் இதைத் திட்டமாக்கினார். கடலடியில் மறைந்து திரியும் நீர்மூழ்கிகளை எதிரி தேடிப்பிடிக்க முடியாது. எனவே எதிரி கூட்டக் கூட்ட நாமும் கூட்ட வேண்டியதில்லை என்பது அவர் கட்சி. விமானப் படையின் பட்ஜெட்டுக்கு எதிரான வாதமாகவும் அது இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

பிரான்ஸ் இதே முடிவுக்கு வேறு வழியில் வந்தது. வலியவனை முழுதாக அழிக்கும் ஆற்றல் எளியவனுக்குத் தேவையில்லை, அவன் அடைய நினைக்கும் லாபத்தைவிடப் பெரிய சேதத்தை விளைவிக்க முடிந்தால் போதும் என்று அதிபர் தெ கோலின் காலத்துச் சிந்தனையாளர்கள் கருதினார்கள். சீனா 1964 அக்டோபர் 16-இல் முதல் குண்டை வெடித்த அன்றே, முதலில் பயன்படுத்தமாட்டோம் என்று அறிவித்துச் சிறிய கையிருப்போடு பல பத்தாண்டுகள் இருந்தது.

இதற்கு வலுவான மறுப்பை 1959-இல் அமெரிக்க ஆய்வாளர் ஆல்பர்ட் வோல்ஸ்டெட்டர் எழுதினார். கிடங்கில் உள்ளதை எண்ணிப் பயனில்லை. எதிரியின் முதல் அடிக்குத் தப்பி, உத்தரவு கிடைத்து, தற்காப்பைத் தாண்டி இலக்கை எட்டும் குண்டுகளையே எண்ண வேண்டும் என்றார். இது நியாயமான கேள்வி. இதனாலேயே ‘குறைந்தபட்சம்’ என்பது நகரும் எல்லையாகிவிட்டது. மாஸ்கோவைச் சுற்றி ஏவுகணைத் தற்காப்பு வந்ததும் பிரிட்டன் தன் ஏவுகணைகளைப் பெரும் செலவில் மாற்றியமைத்தது. 2021-இல் யூமென், ஹாமி, ஓர்டோஸ் பகுதிகளில் சீனா ஏறத்தாழ 300 நிலத்தடி ஏவுகுழிகளைத் தோண்டிவருவதை வணிகச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. சில நூறு என்ற நிலைப்பாட்டின் பலவீனம் அதன் தர்க்கத்தில் அவ்வளவாக இல்லை. அந்த எண்ணை ஓரிடத்தில் நிறுத்திவைக்கும் விசை எதுவும் அதற்குள் இல்லை என்பதே குறை.

மெக்நமாராவின் அட்டவணை

இந்தக் கேள்விக்கு எண்ணால் விடை சொல்ல மிகத் தீவிரமாக முயன்றவர் 1961 முதல் 1968 வரை அமெரிக்கப் பாதுகாப்புச் செயலராக இருந்த ராபர்ட் மெக்நமாரா. சோவியத் மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நான்கில் ஒரு பங்கு வரை, தொழில்துறையில் பாதி: பதிலடியில் இவ்வளவையும் நிச்சயமாக அழிக்க முடிந்தால் எதிரி முதல் அடி கொடுக்கத் துணியமாட்டான் என்பது அவர் வகுத்த அளவுகோல். அவருடைய அலுவலகத்தில் பணியாற்றிய அலெய்ன் என்டோவனும் வேய்ன் ஸ்மித்தும் 1971-இல் வெளியிட்ட நூலில் அந்தக் கணக்கை அட்டவணையாகவே தந்திருக்கிறார்கள். இலக்கை எட்டுவது 100 மெகாடன் என்றால் 3.7 கோடிப் பேர் இறப்பார்கள், தொழில்துறையில் 59 சதவீதம் அழியும். 400 மெகாடன் என்றால் 7.4 கோடிப் பேர், 76 சதவீதம். அதை இரட்டித்து 800 ஆக்கினால் 9.6 கோடிப் பேர். தொழில்துறை அழிவோ 77 சதவீதம்தான். 1,600 மெகாடனுக்கும் அதே 77 சதவீதம். அழிக்கப் பெரிய நகரங்கள் மிச்சமில்லை என்பதே இதன் பொருள்.

உயிர்களைச் சதவீதக் கட்டங்களில் அடைத்த இந்த அட்டவணையைப் படிப்பவர் மனம் கசக்கும். ஆனாலும் அதிகாரத்தின் உள்ளிருந்தே ‘இதற்கு மேல் பயனில்லை’ என்று எழுந்த கணக்கு இது. இதிலும் ஒரு தேர்வு ஒளிந்திருக்கிறது. 400 என்பது வளைகோடு மட்டமாகத் தொடங்கும் இடம். சோவியத் தலைவர்கள் எவ்வளவு இழப்புக்கு அஞ்சுவார்கள் என்று விசாரித்து வந்த எண் அல்ல அது. கென்னடிக்குத் தேசியப் பாதுகாப்பு ஆலோசகராக இருந்த மெக்ஜார்ஜ் பண்டி, பதவியை விட்டபின் 1969-இல் எழுதிய கட்டுரையில் இதைத்தான் சுட்டிக்காட்டினார்: தன் நாட்டின் ஒரே ஒரு நகரத்தில் ஒரே ஒரு ஹைட்ரஜன் குண்டு விழ இடங்கொடுக்கும் முடிவைக்கூட எந்த நிஜத் தலைவரும் பெரும் பிழையாகவே கருதுவார், பத்து நகரங்கள் என்றால் வரலாறு காணாத பேரழிவு.

வரலாற்றிலும் இதற்கு ஒரு சான்று உண்டு. 1962 அக்டோபரில் கியூபா நெருக்கடி மூண்டபோது அமெரிக்காவிடம் தொலைதூரம் தாக்கும் குண்டுகள் சுமார் 5,000, சோவியத்திடம் சுமார் 300. அந்தப் பதினேழு மடங்கு மேன்மை துணிந்து அடிக்கும் சுதந்திரத்தைத் தங்களுக்குத் தரவில்லை என்று மெக்நமாரா பின்னாளில் எழுதினார். ஒரே நிகழ்வைக் கொண்டு பொது விதி வகுக்க முடியாதுதான். ஆனால் 5,000-ஐ 300 கட்டிப்போட்டது என்பது சாதாரணச் செய்தி அல்ல.

இதற்குச் சொல்லப்படும் மறுப்புகளையும் பார்க்க வேண்டும். நிலத்து ஏவுகணை, நீர்மூழ்கி, விமானம் ஆகிய மூன்று படைகளும் தனித்தனியே அந்த அழிவை விளைவிக்க வேண்டும் என்பது ஒன்று. ஐரோப்பாவில் சோவியத் டாங்கிகளை ஈடுகட்டச் சிறிய குண்டுகள் தேவைப்பட்டன என்பது மற்றொன்று. இன்றைய குண்டுகளின் ஆற்றல் மெகாடனில் ஒரு சிறு பங்குதான், ஆகையால் எண்ணிக்கை கூடத்தான் வேண்டும் என்பது மூன்றாவது. மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் 400-ஐ மூன்றால் பெருக்கி, முதல் அடியில் பாதி போய்விடும் என்று மறுபடி இரட்டித்தாலும் வருவது ஒரு மெகாடன் குண்டுகள் 2,400. ஐரோப்பாவில் வைத்திருந்த சுமார் 7,000 குண்டுகளைச் சேர்த்தாலும் 31,255-க்குப் பக்கத்தில்கூட வரவில்லை. மிச்சத்தைத் தடுப்புக் கொள்கையால் விளக்க முடியாது. படைகளுக்கிடையிலான போட்டி, காங்கிரஸின் அழுத்தம், ஆலைகள் நிற்காமல் ஓடியது ஆகியவையே விளக்கம். 1961 செப்டம்பரில் அமெரிக்க உளவுத்துறை மதிப்பிட்ட சோவியத் கண்டம்விட்டுக் கண்டம் பாயும் ஏவுதளங்கள் 10 முதல் 25 வரைதான். அது தெரிந்த பிறகும் ஆயிரம் மினிட்மேன் ஏவுகணைகள் நிறுவப்பட்டன.

ஆயுதத்தை ஆயுதத்தால் அழிப்பது

நகரங்களைப் பணயம் வைப்பது அறமா என்ற கேள்வியிலிருந்து எதிர்த் திசையில் ஒரு விடை பிறந்தது. மக்களை விட்டுவிடுங்கள், எதிரியின் ஏவுகணைகளையும் தளங்களையும் கட்டளை மையங்களையும் குறிவையுங்கள் என்றது அது. 1974-இல் ஷ்லெசிங்கர் பாதுகாப்புச் செயலராக இருந்தபோதும், 1980-இல் அதிபர் கார்ட்டர் ஒப்பமிட்ட உத்தரவிலும் இது அமெரிக்கக் கொள்கையில் அழுத்தம் பெற்றது. துல்லியமும் உணர்கருவிகளும் வளர்ந்துவிட்டதால் இது முன்னைவிடச் சாத்தியம் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் கெய்ர் லீபர், டாரில் பிரஸ் ஆகியோர் 2006 முதல் வாதிட்டுவருகிறார்கள்.

இதன் அறநோக்கத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் எண்ணிக்கையைப் பொறுத்தவரை இது அடிமட்டம் இல்லாத கணக்கு. எதிரி ஓர் ஏவுகுழி தோண்டினால் நமக்கு இரண்டு குண்டு வேண்டும். அதைப் பார்த்து அவன் மேலும் தோண்டுவான். தளங்களும் கட்டளை மையங்களும் நகரங்களுக்கு உள்ளும் அருகிலும் இருப்பதால் மக்கள் தப்புவார்கள் என்பதும் பெரும்பாலும் காகித அளவிலேயே நிற்கிறது. இவற்றைவிட மோசமானது, தன் ஆயுதம் முதலில் அழிக்கப்படும் என்று அஞ்சுபவன் அவசரப்படுவான் என்பது. 1983 செப்டம்பர் 26 அன்று சோவியத் எச்சரிக்கை மையத்தின் திரையில் ஐந்து அமெரிக்க ஏவுகணைகள் தோன்றின. பணியிலிருந்த அதிகாரி ஸ்டானிஸ்லாவ் பெட்ரோவ் அதைப் பொய்யான எச்சரிக்கை என்று முடிவு செய்தார். மேகங்களின் மேல் பட்ட சூரிய ஒளியைச் செயற்கைக்கோள் தவறாகப் படித்திருந்தது.

புகையின் கணக்கு

1983-இல் வானியலாளர் கார்ல் சேகன் உள்ளிட்ட ஐவர் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு கேள்வியையே திருப்பிப் போட்டது. எரியும் நகரங்களின் கரிப்புகை மேல் வளிமண்டலத்துக்கு ஏறிச் சூரிய ஒளியை மறைத்தால், அடித்தவனும் பட்டினி கிடப்பான். எதிரியைத் தடுக்க எத்தனை வேண்டும் என்று கேட்டவர்கள், தானும் சாகாமல் எத்தனையைப் பயன்படுத்த முடியும் என்றும் கேட்க வேண்டியதாயிற்று. முதல் மாதிரிகள் கூறிய கடுங்குளிர் மிகை என்று 1986-இல் காலநிலை ஆய்வாளர்கள் தாம்ப்ஸனும் ஷ்னைடரும் காட்டினார்கள். பாதிப்பு உண்டு, ஆனால் குளிர்காலத்தைவிட இலையுதிர்காலத்துக்கு நெருக்கமானது என்றார்கள். 1991-இல் குவைத் எண்ணெய்க் கிணறுகள் எரிந்தபோது புகை எதிர்பார்த்த உயரத்துக்குப் போகவில்லை என்பது ஐயத்தை வளர்த்தது.

நவீன காலநிலை மாதிரிகளோடு ஆலன் ரோபோக், ஓவன் டூன் குழுவினர் 2007-இல் மீண்டும் வந்தார்கள். இந்தியாவும் பாகிஸ்தானும் ஹிரோஷிமா அளவிலான 100 குண்டுகளை நகரங்களின் மேல் வீசினால் 50 லட்சம் டன் கரி எழும், உலகின் விளைச்சல் காலம் சுருங்கும் என்பது அவர்கள் முடிவு. அதே இரு நாடுகளின் போர் பெரிய குண்டுகளோடும் பெரிய கையிருப்போடும் நடந்தால் பட்டினியால் சாவோர் உலகளவில் 200 கோடியைத் தாண்டலாம் என்றும், அமெரிக்க-ரஷ்யப் போரில் 500 கோடியைத் தாண்டலாம் என்றும் 2022-இல் ‘நேச்சர் ஃபுட்’ இதழில் வந்த ஆய்வு கூறியது. லாஸ் அலமோஸ் ஆய்வகத்தினர் 2018-இல் இதற்கு எதிராக எழுதினார்கள்; அவர்கள் மாதிரியில் மேலேறிய கரி மிகக் குறைவு. எரிபொருள் குறைந்த அமெரிக்கப் புறநகரை மாதிரியாக எடுத்துக்கொண்டு, நெருக்கமான தெற்காசிய நகரங்களுக்கு முடிவு சொல்வது பொருந்தாது என்று ரோபோக் குழு பதிலளித்தது. தீப்புயல் ஹிரோஷிமாவில் எழுந்து நாகசாகியில் எழாமல் போனதை நினைத்தால் இந்தச் சர்ச்சை எளிதில் தீராது என்பது புரியும். ஆனால் கணிக்க முடியாததைப் பூஜ்யமாக்கும் பழைய வழக்கத்துக்கு இங்கேயும் இடம் தரக் கூடாது.

தெற்காசியா

இந்தியாவின் விடை ‘நம்பகமான குறைந்தபட்சத் தடுப்பாற்றல்’. இதை உருவாக்கிய விவாதத்தில் தமிழகத்தில் பிறந்த இருவருக்கு முக்கிய இடமுண்டு. செங்கல்பட்டில் பிறந்த தரைப்படைத் தளபதி கே. சுந்தர்ஜி, குறைவு போதுமாக இருக்கையில் அதிகம் தேவையில்லை என்று ஓய்வுக்குப் பின் தொடர்ந்து வாதிட்டார். திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம் தலைமையிலான ஆலோசனை வாரியம் தயாரித்த வரைவு 1999 ஆகஸ்ட் 17-இல் வெளியானது. 2003 ஜனவரி 4-இல் அரசு அறிவித்த கொள்கை, முதலில் பயன்படுத்தமாட்டோம், தாக்கப்பட்டால் பதிலடி மிகப் பெரிதாக இருக்கும் என்றது. அந்தக் குறைந்தபட்சம் எத்தனை என்று வரைவும் சொல்லவில்லை, அறிவிப்பும் சொல்லவில்லை.

சொல்லாமல் விடுவதே எதிரியைத் தயங்க வைக்கும் என்பது ஆதரவாளர்களின் வாதம். ஆனால் எண் இல்லாத குறைந்தபட்சம் எவ்வளவு வேண்டுமானாலும் நீளும். மெகாடன் அளவிலான ஹைட்ரஜன் குண்டுகள் நூற்றுக்கணக்கில் வேண்டும் என்று பாதுகாப்பு ஆய்வாளர் பரத் கர்நாட் கேட்பதும் அதே கொள்கை வரம்புக்குள் நின்றுதான். 1998 மே 11-இல் பொக்ரானில் சோதித்த ஹைட்ரஜன் குண்டு எதிர்பார்த்த ஆற்றலைத் தரவில்லை என்று, அச்சோதனையில் பங்குகொண்ட கே. சந்தானம் 2009-இல் சொன்னார். அணுசக்தித் துறை அதை மறுத்தது. யார் சரி என்பதைவிட, குறைந்தபட்சத்துக்கு ஹைட்ரஜன் குண்டு தேவையா என்ற கேள்வி அந்த ஆரவாரத்தில் கேட்கப்படாமலே போனதுதான் வருத்தத்துக்குரியது. மறுபக்கம் பாகிஸ்தான் 2011 ஏப்ரலில் 60 கிலோமீட்டர் மட்டுமே பாயும் நாசர் ஏவுகணையைச் சோதித்தது. போர்க்களத்திலேயே பயன்படுத்தும் குண்டு வந்துவிட்டால், அதைப் பிரயோகிக்கும் முடிவு எல்லையில் நிற்கும் படைப்பிரிவுக்குக் கைமாறும் அபாயம் கூடுகிறது.

இரு தரப்பிலும் குண்டு இருந்ததால் 1999 கார்கில் போர் பெரிதாகவில்லை என்பவர்களும் உண்டு; குண்டு இருந்த துணிச்சலில்தான் அந்த ஊடுருவலே நடந்தது என்பவர்களும் உண்டு. இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்கலாம். 2022 மார்ச் 9-இல் பராமரிப்பின்போது தவறுதலாகக் கிளம்பிய இந்திய ஏவுகணை ஒன்று பாகிஸ்தானின் மியான் சன்னு அருகே போய் விழுந்தது. அதில் வெடிபொருள் இல்லை, உயிர்ச்சேதமும் இல்லை. தலைநகரங்களுக்கிடையே ஏவுகணைப் பயணம் சில நிமிடங்களே ஆகும் பகுதியில் அது எவ்வளவு பெரிய நல்வாய்ப்பு என்று சொல்ல வேண்டியதில்லை.

பூஜ்யம்

ஒன்றுகூட வேண்டாம் என்ற விடை மற்ற எல்லாவற்றையும்விட மூத்தது. முதல் குண்டு வெடிக்கும் முன்பே சில விஞ்ஞானிகள் அதை நகரத்தின் மேல் வீசக் கூடாது என்று மனுச் செய்தார்கள். 1955 ஜூலை 9-இல் அணு ஆயுதப் போரின் ஆபத்தை எச்சரித்த ரஸ்ஸல்-ஐன்ஸ்டைன் அறிக்கை வந்தது. 1988 ஜூன் 9-இல் ஐ.நா.வில் ராஜீவ் காந்தி 2010-க்குள் அணு ஆயுதங்களை ஒழிக்கும் கால அட்டவணையை முன்வைத்தார். 2017-இல் அணு ஆயுதத் தடை ஒப்பந்தம் உருவாகி 2021 ஜனவரி 22-இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கை 2023 செப்டம்பரில் அதில் சேர்ந்தது. குண்டு வைத்திருக்கும் ஒன்பது நாடுகளில் ஒன்றும் சேரவில்லை.

இதற்கு எதிரான வாதங்களில் கனமானவை இரண்டு. பூஜ்யம் ஆன உலகில் ஒளித்துவைத்த பத்துக் குண்டு ஆயிரத்துக்குச் சமம் என்பது ஒன்று. இதற்கு முழு விடை இல்லை. தென்னாப்பிரிக்கா ஆறு குண்டுகளைப் பிரித்தெடுத்து 1993-இல் அறிவித்தபின் சர்வதேச அணுசக்தி முகமை சரிபார்த்தது என்பது, சரிபார்ப்பு சாத்தியம் என்பதற்குச் சிறிய அளவிலான சான்று. மற்றது உக்ரைன்: 1994-இல் குண்டுகளை ஒப்படைக்க ஒப்புக்கொண்ட நாடு பின்னால் தாக்கப்பட்டது. அவற்றை ஏவும் கட்டுப்பாடு கீவிடம் இல்லை, மாஸ்கோவிடம் இருந்தது என்பது உண்மையென்றாலும், அன்று தந்த உறுதிமொழி மீறப்பட்டதைப் பிற நாடுகள் மறக்கமாட்டா. ஒழிப்பை விரும்புகிறவர்கள் இந்தப் பாடத்தைக் கடந்துபோக முடியாது.

தீராதவை

குண்டுதான் 1945-க்குப் பிறகு வல்லரசுப் போரைத் தடுத்ததா என்பதை நிரூபிக்க வழியில்லை. குண்டு இல்லாத இன்னொரு இருபதாம் நூற்றாண்டு நம்மிடம் இல்லை. கரிப்புகையின் அளவு பற்றிய சர்ச்சை ஆய்வால் குறுகலாம், முற்றிலும் தீராது. எத்தனைக்குக் கீழே இறங்கினால் ஏமாற்றுதல் லாபமாகிவிடும் என்பதும் தெரியாது. இந்த ஐயங்களால் பூஜ்யத்துக்கும் சில நூறுக்கும் இடையிலான வழக்கில் தீர்ப்பெழுத இன்று இயலாது. ஆனால் சில நூறுக்கும் சில ஆயிரத்துக்கும் இடையிலான வழக்கு அப்படியல்ல. அதில் ஆயிரங்களின் பக்கம் நிற்கும் சான்று மெலிந்தது. அந்தக் கையிருப்புகளை முதலில் குறைப்பதற்கு எந்தக் கொள்கையையும் கைவிட வேண்டியதில்லை.

அமெரிக்காவும் ரஷ்யாவும் நிலைநிறுத்தும் தொலைதூரக் குண்டுகளை ஆளுக்கு 1,550-க்குள் கட்டிய 2010 ஒப்பந்தத்தின் நீட்டிக்கப்பட்ட முடிவு நாள் 2026 பிப்ரவரி 5. ரஷ்யா 2023-லேயே தன் பங்கேற்பை நிறுத்திவைத்தது. பிரிட்டன் 2021-இல் உச்சவரம்பை 260-ஆக உயர்த்தியதோடு கையிருப்பை வெளியிடுவதையும் நிறுத்திக்கொண்டது. இந்தியாவும் பாகிஸ்தானும் இதுவரை அதை வெளியிட்டதே இல்லை. தன்னிடம் இருப்பது குறைந்தபட்சம் என்று சொல்லிக்கொள்ளும் ஓர் அரசு, அது எத்தனை, எந்தக் கணக்கில் வந்தது என்று தன் நாடாளுமன்றத்துக்காவது சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது.